பதிவேட்டில் இல்லாத இடம்

வன்தட்டு தன்னுள் கிடப்பது கடிதமா, கல்யாண வீடியோவா, கடைக் கணக்கா என்பதை அறியாது. அதற்குத் தெரிந்தவை வரிசை எண் இடப்பட்ட சிறு கட்டங்கள் மட்டுமே; செக்டர் எனப்படும் அக்கட்டம் ஒவ்வொன்றும் நெடுங்காலம் 512 பைட் கொள்வதாக இருந்து, பிற்காலத்துத் தட்டுகளில் 4,096 பைட் கொள்வதாக வளர்ந்தது. கோடிக்கணக்கான இக்கட்டங்களில் எவையெவை சேர்ந்து ஒரு கோப்பாகின்றன, அக்கோப்பின் பெயர் என்ன, எந்த நாளில் எழுதப்பட்டது, யார் அதைத் திறக்கலாம், இன்னும் எதற்கும் ஒதுக்கப்படாத கட்டங்கள் எவை என்பவற்றையெல்லாம் குறித்துவைக்கும் ஏற்பாடே கோப்பு முறைமை. ஒரே தட்டைப் பல பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு கோப்பு முறைமையை வைத்துக்கொள்ள முடியும். பார்ட்டிஷன் என்று வழங்கும் அப்பகுதிகளைத்தான் பலரும் 'சி டிரைவ்', 'டி டிரைவ்' என்ற பெயரில் அறிந்திருக்கிறார்கள். கோப்பு முறைமை என்னும் இந்தப் பதிவேடு வேறெங்கோ ஒரு பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படுவதில்லை என்பது இங்கே முக்கியம். தான் பதிவுசெய்யும் பொருள்களோடு சேர்ந்து, அதே பகுதியின் சில கட்டங்களில், அதுவும் கிடக்கிறது.

ஒரு பகுதியின் கோப்பு முறைமையை மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கோப்புகளையெல்லாம் வேறொரு தட்டுக்கு நகலெடுத்து, பகுதியை வெறுமையாக்கிப் புதிய பதிவேட்டை எழுதி, மீண்டும் கோப்புகளைக் கொண்டுவந்து சேர்ப்பது முதல் வழி. கணினி பழுதுபார்ப்போர் 'ஃபார்மேட் அடிப்பது' என்று சொல்வது இதன் நடுப்பகுதியை. கோப்புகளை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, அவற்றைக் குறிக்கும் பதிவேட்டை மட்டும் மாற்றி எழுதுவது இரண்டாம் வழி. முதலாவது காலம் பிடிப்பது, இன்னொரு தட்டு வேண்டுவது, ஆனால் எளியது. இரண்டாவது விரைவானது, நுட்பமானது, சிந்தனைக்கு மிகுந்த இடம் தருவது.

வடசென்னை இத்தகைய மாற்றம் ஒன்றைத் தன் நிலத்திலேயே கண்டிருக்கிறது. 2011 அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி முதலிய நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் வகுக்கப்பட்டது. திருவொற்றியூரும், எண்ணூரைத் தன்னுள் கொண்டிருந்த கத்திவாக்கமும் அதன் முதல் மண்டலமாயின. தியாகராஜ சுவாமி கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தத் தெருவும் ஓர் அடிகூட நகரவில்லை. வார்டு எண்ணும் வரி கட்டும் அலுவலகமும் மாறின. வருவாய்த் துறையின் பதிவேடோ உடன் மாறவில்லை. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும்வரை திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீடு உள்ளாட்சிக் கணக்கில் சென்னையிலும் வருவாய்க் கணக்கில் திருவள்ளூரிலும் இருந்தது. இரண்டும் உண்மையே, ஏனெனில் பதிவேடு என்பது நிலம் அன்று, நிலத்தை அணுகுவதற்கான வழி.

இணைப்புக்கு ஒரு மாதம் முன்னர், 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் வீடுகள் பலவற்றில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது இத்திட்டத்தின் வழியாகத்தான். அதன் தொடக்கக் காலக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் அருகருகே இருந்தன: ஒன்று விண்டோஸ் 7, மற்றது, சி-டாக் நிறுவனத்தின் முயற்சியில் 2007இல் முதலில் வெளியான, டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ். ஆகவே அந்தத் தட்டில் இரண்டு பதிவேட்டு மரபுகளும் அடுத்தடுத்து இருந்தன. விண்டோஸ் பகுதி, 1993இல் விண்டோஸ் என்டியோடு அறிமுகமான என்டிஎஃப்எஸ் முறைமையைச் சார்ந்தது. லினக்ஸ் பகுதி, ரெமி கார்ட் 1992இல் எழுதத் தொடங்கிய எக்ஸ்ட் குடும்பத்தைச் சார்ந்தது.

இவ்விரண்டின் அண்டைவாழ்வு சமமானதாக இருக்கவில்லை. லினக்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் விண்டோஸ் பகுதியின் கோப்புகள் தெரியும். என்டிஎஃப்எஸ் பதிவேட்டைப் படிக்கவும் எழுதவும் வல்ல கட்டற்ற மென்பொருள் 2007இலேயே நிலைபெற்றுவிட்டது. விண்டோஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் லினக்ஸ் பகுதி எழுத்துப் பெயரற்ற ஒரு பட்டையாக மட்டும் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல விண்டோஸால் இயலாது. வெளியிலிருந்து இணைக்கப்படும் தட்டில் எக்ஸ்ட் முறைமை இருந்தால் நிலைமை இன்னும் தெளிவாகும்: அந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் அறிவிக்கும். தன்னால் இந்தப் பதிவேட்டைப் படிக்க முடியவில்லை என்று அந்த முதல் அறிவிப்பில் அது சொல்வதில்லை. நிரம்பிய தட்டைக் காலித் தட்டாக நடத்துகிறது. கணினியுலகில் இழக்கப்பட்ட கோப்புகளில் எத்தனை இந்த ஒரு வாக்கியத்துக்குப் பணிந்து 'சரி' என்று அழுத்தியதால் போயின என்பது கணக்கில் வராத துயரம்.

படம் வைக்க இடம் வேண்டும் என்று லினக்ஸ் பகுதியை நீக்கி, அதை என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ள முற்படும் மாணவருக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கும். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில், எதைத் தொடங்குவது என்று கேட்கும் சிறு நிரல் பொதுவாக லினக்ஸோடு வருவது. கிரப் என்னும் அந்நிரலின் தலைப்பகுதி தட்டின் முதற் கட்டத்திலும், எஞ்சிய உறுப்புகள் லினக்ஸ் பகுதிக்குள்ளும் இருக்கும். பகுதியை நீக்கியதும் தலைப்பகுதி தன் உறுப்புகளைத் தேடிக் காணாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸின் ஒரு கோப்புகூடக் கெடாதிருந்தும் விண்டோஸ் தொடங்காது. கடைக்காரர் ஒருவர் அதைச் சரிசெய்ய முடியாது என்று கருதி முழுத் தட்டையும் ஃபார்மேட் அடித்தால், நலமாக இருந்த கோப்புகள் அப்போதுதான் உண்மையிலேயே அழியத் தொடங்கும். காலி எனக் கருதப்பட்ட பகுதி மற்றப் பகுதிக்குச் செல்லும் பாதையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது, அது போன பிறகே தெரியவருகிறது.

இருந்த இடத்திலேயே மாற்றும் முறைக்கு மிகப் பலர் கண்ட எடுத்துக்காட்டு, ஃபேட்32 முறைமையிலிருந்து என்டிஎஃப்எஸ் முறைமைக்குச் செல்வது. ஃபேட் 1977இல் தோன்றியது. ஒரு கோப்பின் முதல் துண்டு எங்கே என்பதைக் கோப்புறையிலும், அடுத்தடுத்த துண்டுகள் எங்கே என்பதை ஓர் அட்டவணையிலும் எழுதிவைக்கும் எளிய ஏற்பாடு அது. 1996இல் வந்த ஃபேட்32இல் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்தக் கோப்பும் 4 கிகாபைட்டைத் தொட முடியாது. 4,29,49,67,295 பைட் அதன் உச்சம். நீண்ட திருமண வீடியோ கேமரா அட்டையில் துண்டு துண்டாக விழுவதும், அத்துண்டுகளை இணைத்து ஒரே படமாக்கிப் பழைய தட்டில் சேமிக்க முயலும்போது, இடம் ஏராளமாக இருந்தும் இடமில்லை என்ற அறிவிப்பு எழுவதும் இதனால்தான். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ கல்யாணப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் கோப்பு முறைமை என்ற ஒன்று இருப்பதை முதலில் உணர்வது பெரும்பாலும் இந்த எல்லையில் முட்டும்போதுதான்.

விண்டோஸின் 'கன்வர்ட்' கட்டளை செய்வது இது: பழைய பதிவேட்டின்படி ஒதுக்கப்படாத கட்டங்களைக் கண்டறிந்து, புதிய பதிவேட்டின் உறுப்புகளை அந்தக் காலியிடங்களில் கட்டி எழுப்புகிறது, ஒவ்வொரு கோப்பின் துண்டுகளும் எங்கே கிடக்கின்றன என்பதைப் பழையதிலிருந்து படித்துப் புதியதில் எழுதுகிறது, எல்லாம் முடிந்த பின்னரே, இப்பகுதி இன்ன முறைமை உடையது என்று அறிவிக்கும் தொடக்கக் கட்டத்தை மாற்றுகிறது. கடைசிப் படிக்கு முந்தைய கணம்வரை அது ஃபேட்32 பகுதி; பிந்தைய கணம் என்டிஎஃப்எஸ் பகுதி. திரும்பி வரும் கட்டளை இல்லை. பழைய பதிவேட்டில் உரிமையாளர் என்ற பத்தியே கிடையாது என்பதால், புதிய பதிவேட்டின் அப்பத்தி எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான ஒரு மதிப்பால் நிரப்பப்படுகிறது. முன்னே எழுதப்படாத உரிமையை எந்த மாற்றமும் புதிதாகக் கண்டுபிடித்துத் தராது.

லினக்ஸ் மரபில் இம்மாற்றம் மேலும் மென்மையாக நடந்திருக்கிறது. எக்ஸ்ட்2 முறைமை எக்ஸ்ட்3 ஆனபோது, 2001இல், சேர்க்கப்பட்டது ஒரு நாட்குறிப்பு: செய்யப்போவதை முதலில் அதில் எழுதி, பிறகு செய்து, முடிந்ததும் முடிந்ததாகக் குறிப்பது. மின்சாரம் திடீரென்று போனால், மீண்டும் வரும்போது நாட்குறிப்பைப் பார்த்து அரைகுறையானவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். தமிழ்நாடு முழுவதும் கடுமையான மின்வெட்டைக் கண்ட 2012இல், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினிகளுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பகுதி எக்ஸ்ட்2இலிருந்து எக்ஸ்ட்3 ஆவதற்கு ஒரு கட்டளை போதும்; பழைய பதிவேடு அப்படியே நிற்க, நாட்குறிப்பு உடன் சேரும். ஆயினும் ஒரு முறைமையிலிருந்து முற்றிலும் வேறான முறைமைக்குச் செல்லும் மாற்றத்தின்போது இத்தகைய நாட்குறிப்பு காவல் நிற்பதில்லை. நடுவில் மின்சாரம் போனால் எந்தப் பதிவேட்டை நம்புவது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே போகக்கூடும்.

எக்ஸ்ட்4இலிருந்து பிடிஆர்எஃப்எஸ் என்னும் முறைமைக்கு மாற்றும் கருவி இந்தக் கேள்விக்குத் தந்த விடை கருத்தூன்றிப் பார்க்கத் தக்கது. அதுவும் காலியிடங்களில்தான் புதிய பதிவேட்டைக் கட்டுகிறது. ஆனால் பழைய பதிவேட்டை அது அழிப்பதில்லை. பழைய கோப்பு முறைமை முழுவதையும் புதிய முறைமைக்குள் ஒரு தனிக் கோப்பாக, ஒரு படிமமாக, இருத்திவைக்கிறது. கோப்புகளின் உள்ளடக்கம் இருமுறை எழுதப்படுவதில்லை. அதே கட்டங்களைப் பழைய பதிவேடும் சுட்டுகிறது, புதிய பதிவேடும் சுட்டுகிறது. மாற்றம் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், அந்தப் படிமம் அழிக்கப்படாதிருக்கும்வரை, ஒரு கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். புதிய ஏற்பாடு வரும்போது பழையது உடனே பொய்யாகிவிட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே பொருளைச் சுட்டியபடி சில காலம் உடனிருக்கலாம் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது.

எனினும் இக்கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு: பழைய பதிவேடு காலி என்று சொல்லும் இடம் உண்மையிலேயே காலி. எந்தக் கட்டம் பயன்பாட்டில் இருக்கிறது, எது இல்லை என்பதைக் கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் குறிக்கும் வரைபடம் பல முறைமைகளில் உள்ளது. அந்த வரைபடத்தில் ஒரு பிட் தவறாக இருந்தால், புதிய பதிவேடு யாருடையதோ ஒரு கோப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். மாற்றத்துக்கு முன் முறைமையைச் சோதித்துப் பிழைகளைத் திருத்த வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் வற்புறுத்துவது அதனால்தான்.

எண்ணூரில் இந்த நம்பிக்கை நிலத்தின்மேல் செயல்பட்ட விதம் நன்கு அறியப்பட்டது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும் அதைச் சூழ்ந்த சதுப்பும் உப்பளமும் 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தன. பின்னர் புழக்கத்திலிருந்த வேறொரு வரைபடத்தில் அந்நீர்ப்பரப்பின் பெரும்பகுதியே காணப்படவில்லை என்று மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் 2017இல் குற்றஞ்சாட்டினார்கள். இறால் பிடிக்கும் கைகளும், அலையாத்திச் செடிகளும், வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழியும் அங்கே இருந்தன. அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுகத் தேவைகளுக்கான கட்டுமானமும் அங்கேதான் இடம் தேடின. படிக்கத் தெரியாத பகுதியை ஃபார்மேட் செய்யச் சொல்லும் அறிவிப்புக்கும், ஆற்றைக் குறிக்காத வரைபடத்துக்கும் இடையே உள்ள உறவு வெறும் ஒப்புமை அன்று. குறிக்கப்படாதது இல்லாதது என்னும் அதே பிழை இரண்டிலும் வேலை செய்கிறது. தட்டில் இழப்புக்கு ஆளாகும் கோப்புக்கு வேறிடத்தில் ஒரு நகல் இருக்கலாம். முகத்துவாரத்துக்கு அது கிடையாது.

இனிப் பெயர்களின் நிலை. கோப்பின் உள்ளடக்கம் மாற்றத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. பெயர்தான் எளிதில் நலிகிறது, அதிலும் தமிழ்ப் பெயர். யூனிகோட் பரவுவதற்கு முன், டாப், டாம், டிஸ்கி முதலிய குறியீட்டு முறைகளில் இடப்பட்ட பெயர்கள் உரிய எழுத்துரு இல்லாத இடத்தில் மேற்கத்திய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகு அச்சிக்கல் தணிந்தது. ஆனால் யூனிகோடுக்குள்ளேயே நுண்ணிய சிக்கல்கள் எஞ்சியிருக்கின்றன.

திருவொற்றியூர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். படிப்பவர் கண்ணுக்கு அது ஏழு எழுத்து. யூனிகோடில் மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ ஒரு குறி என 14 குறிகள். யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்வதால் 42 பைட். என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகளை அனுமதிக்கிறது. எக்ஸ்ட்4 அனுமதிப்பது 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். ஒரே கோப்புப் பெயருக்குள் திருவொற்றியூர் என்பதை எக்ஸ்ட்4இல் தொடர்ச்சியாக ஆறு முறைதான் எழுதலாம். அதையே ஆங்கில எழுத்துகளில் பன்னிரண்டு பைட்டில் எழுதினால் 21 முறை எழுதலாம். ஆகவே விண்டோஸ் பகுதியில், திருவிழாவின் பெயரும் தெருவின் பெயரும் நாளும் சேர்த்து நீளமாகப் பெயரிடப்பட்ட தமிழ்க் கோப்பு லினக்ஸ் பகுதிக்கு வரும்போது உள்ளே நுழைய மறுக்கப்படலாம். அதே நீளமுள்ள ஆங்கிலப் பெயர் தடையின்றி நுழையும். இதில் எவருடைய தீய நோக்கமும் இல்லை. ஓர் எழுத்து ஒரு பைட் என்று உலகம் எண்ணியிருந்த நாளில் வகுக்கப்பட்ட எல்லை, அந்த எண்ணத்துக்கு வெளியே நின்ற மொழிகளின்மேல் இன்றும் சுமையாக இருக்கிறது.

இன்னும் நுட்பமான சிக்கல் அப்பெயரின் மூன்றாம் எழுத்தில் இருக்கிறது. 'வொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் நிகரானவை என்று யூனிகோடும் வரையறுக்கிறது. ஆப்பிள் கணினிகளில் 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதிவைத்தது; விண்டோஸும் லினக்ஸும் கொடுத்த வடிவத்தையே வைத்துக்கொண்டு, இரு வடிவங்களையும் இரு வேறு பெயர்களாகவே பொதுவில் நடத்துகின்றன. எனவே ஆப்பிள் தட்டிலிருந்து நகலெடுத்த திருவொற்றியூர்க் கோப்பு லினக்ஸ் பகுதியில் கண்ணெதிரே இருந்தும், தட்டச்சிட்டுத் தேடும்போது அகப்படாமல் போகலாம். ஒரே கோப்புறையில் பார்வைக்குச் சிறிதும் வேறுபடாத இரண்டு திருவொற்றியூர்கள் அடுத்தடுத்து நிற்கவும் கூடும். கொருக்குப்பேட்டைக்கும் இதே நிலை. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இத்தொல்லை இல்லை. அவற்றில் பிரியக்கூடிய உயிர்க்குறி எதுவும் இல்லை.

2017 மார்ச் 27 அன்று வெளியான ஐஓஎஸ் 10.3, உலகெங்குமுள்ள ஐபோன்களை எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையிலிருந்து ஏபிஎஃப்எஸ் முறைமைக்கு, இருந்த இடத்திலேயே, உரியவர்கள் பெரும்பாலும் அறியாமலே மாற்றியது. அதற்கு முந்தைய இரு பதிப்புகளின்போதே, புதிய பதிவேட்டைக் கட்டி, அது பழையதோடு ஒத்திருக்கிறதா என்று சோதித்து, மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும் ஒத்திகை நடத்தப்பட்டதாக ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் பின்னர் தெரிவித்தார். இத்தனை முன்னெச்சரிக்கைக்குப் பிறகும், ஏபிஎஃப்எஸ்ஸின் தொடக்கப் பதிப்பு பிரிந்த வடிவத்தையும் பிரியாத வடிவத்தையும் வேறு வேறு பெயர்களாகவே கொண்டது. இரண்டையும் ஒன்றாகக் காணும் திருத்தம் பின்னர்தான் வந்தது. கோப்புகளைக் காப்பதில் காட்டிய கவனம், அவற்றை அழைக்கும் மொழிகளின்மீதும் முதல் நாளிலேயே படிந்திருக்க வேண்டும்.

மாற்றம் பழுதின்றி நடந்ததா என்று அறிய ஒரு நம்பகமான முறை உண்டு. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பட்டியலிட்டு ஒப்பிடுவது அது. ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். ஆனால் அந்த எண் பெயரை அறியாது. பெயர்களை வைத்து இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால், குறி பிரிந்துவிட்ட திருவொற்றியூர்க் கோப்பு ஒரு பட்டியலில் காணாமற்போனதாகவும் மற்றதில் புதிதாக முளைத்ததாகவும் தெரியும். எண்களை மட்டும் ஒப்பிட்டால் பெயர் சிதைந்தது தெரியாமலே போகும். ஆகவே பட்டியல்கள் இரண்டு வேண்டும், ஒன்று உள்ளடக்கத்துக்கு, மற்றது பெயருக்கு. இரண்டாவதில் வேறுபாடு தோன்றும் ஒவ்வொரு வரியையும் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்து முடிக்கும்வரை, பழைய படிமத்தையோ வேறு தட்டிலுள்ள நகலையோ அழிப்பதற்கு அவசரப்பட வேண்டியதில்லை.